வேலையாளின் படிப்புக்குக் காசு கொடுப்பது எப்படி: வன்னியில் ஓர் ஆலைக்காரியின் முறை

தொழிலாளரின் படிப்புச் செலவை முதலாளி ஏற்பது கொழும்புக் கம்பனிகளுக்குத்தான் சரிவரும் என்று எங்கள் பக்கத்தில் பலர் நினைக்கிறார்கள். பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் எங்களுக்கு ஒரு நெல் ஆலை. பக்கத்திலேயே உழவு இயந்திரமும் லாண்ட்மாஸ்டரும் திருத்துகிற கராஜ். கராஜைத் தம்பி பார்க்கிறான். ஆலையும் இரண்டு இடத்துச் சம்பளக் கணக்கும் என் பொறுப்பு. நிரந்தரமாக இருபது பேரளவில் இருக்கிறார்கள், வெட்டுக் காலத்தில் இன்னும் கொஞ்சப் பேர் சேருவார்கள். இந்த அளவு இடத்திலேயே இதைச் செய்யலாம். ஆனால் கொழும்பில் செய்கிற மாதிரியே செய்தால் ஒருவரும் விண்ணப்பிக்க மாட்டார்கள்.

பெரிய கம்பனிகளின் முறை இதுதான்: ஊழியர் தன் காசைக் கட்டிப் படிப்பார், பரீட்சையில் தேறுவார், பற்றுச்சீட்டைக் கொடுப்பார், கம்பனி காசைத் திருப்பித் தரும். அமெரிக்காவில் இது பழைய வழக்கம். ஓர் ஊழியருக்கு ஆண்டுக்கு 5,250 டொலர் வரை இப்படிக் கொடுத்தால் அதற்கு அவர் வருமான வரி கட்டத் தேவையில்லை என்று அங்கே சட்டமே இருக்கிறது. மாத முடிவில் கையில் ஏதாவது மிஞ்சுகிற ஆட்களுக்கு அது நல்ல ஒழுங்கு. எங்கள் ஆலையில் நெல் அவித்துக் காயப்போடுகிற பிள்ளைக்கு 40,000 ரூபா எங்கிருந்து வரும்? காதில் கிடப்பதைக் கழற்றி அடகு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நுண்கடன்காரரிடம் போக வேண்டும். வருடம் கழித்து நாங்கள் 40,000 ரூபாவையும் அப்படியே திருப்பிக் கொடுத்தாலும் வட்டி அவள் தலையில்தான் விழும். நுண்கடனால் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பெண்கள் பட்ட பாடு தெரியாதவர்கள் இங்கே இல்லை. படிப்புக்கு உதவப் போய் அந்தக் கதவை நாங்களே திறந்துவிடக் கூடாது.

ஆகவே முதல் விதி: காசு முன்னால் போக வேண்டும். அதுவும் ஊழியரின் கைக்கு அல்ல, படிப்பிக்கிற நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு நேரே. முழுத் தொகையையும் ஒரே தடவையில் கட்ட வேண்டியதில்லை. சேர்வுக் கட்டணத்தைக் கட்டிவிட்டு, மிச்சத்தை அந்த நிறுவனத்தின் தவணைகளோடு ஒட்டி, வகுப்பு வரவைப் பார்த்துப் பார்த்துக் கட்டலாம். பரீட்சைக் கட்டணம் தனியாக. கட்டச் சொன்ன துண்டை ஊழியர் கொண்டு வந்து தருவார், நாங்கள் கட்டிவிட்டுப் பற்றுச்சீட்டின் பிரதியை எடுத்து வைப்போம். திருப்பிக் கொடுக்கும் முறையை நாங்களும் முழுக்க விடவில்லை. புத்தகம், போட்டோப்பிரதி, பஸ் காசு போன்ற சின்னச் செலவுகளை மாதக் கடைசியில் சீட்டைப் பார்த்துக் கொடுக்கிறோம். அவை ஒருவரை அடகுக்கடைக்கு அனுப்புகிற தொகைகள் அல்ல.

எவ்வளவு ஒதுக்குவது

எங்களைப் போன்ற இடத்தில் இதை நெல்தான் தீர்மானிக்கும். காலபோக நெல் வாங்கி முடிந்து, வங்கிக் கடனும் கட்டி, பங்குனிக் கடைசியில் கையில் என்ன நிற்கிறது என்று பார்த்த பிறகுதான் தொகையை எழுதுவேன். மாசியில் எழுதினால் அது ஆசைக் கணக்கு. இந்த வருடம் மூன்று இலட்சம் ரூபா ஒதுக்கினோம். ஒருவருக்கு ஆகக்கூடியது 50,000. சம்பளத்தில் இத்தனை வீதம் என்று எல்லை வைக்கிற இடங்களும் உண்டு. எனக்கு அது பிடிக்காது. கூடச் சம்பளம் எடுப்பவருக்குக் கூடப் படிப்பு என்றாகிவிடும். நிறுக்கிற பிள்ளைக்கும் கணக்குப் பார்க்கிறவருக்கும் ஒரே தொகைதான்.

தொகை சின்னது என்று யோசிக்க வேண்டாம். அரச தொழிற்பயிற்சி நிலையங்களில் பல பாடநெறிகளுக்குக் கட்டணம் இல்லை, இருந்தாலும் குறைவு. உண்மையான செலவு வேறு பக்கத்தில் இருக்கிறது. பஸ், மத்தியானச் சாப்பாடு, வகுப்புக்குப் போகிற நாளில் விடுபடுகிற நாட்கூலி. கட்டணத்தை மட்டும் தருவோம் என்று எழுதி வைத்தால், இலவச வகுப்புக்குப் போகிறவருக்கு உங்களால் ஒரு சதமும் கிடைக்காது. எங்கள் படிவத்தில் பஸ் காசுக்கும் நாட்கூலிக்கும் தனித்தனி இடம் இருக்கிறது.

காசை விட நேரம் கடினம்

நாட்சம்பளக்காரருக்கு வகுப்பு நாளில் பாதிச் சம்பளம் கொடுக்கிறோம். கராஜில் தம்பி முழுச் சம்பளமும் கொடுக்கிறான். அவனிடம் ஆட்கள் குறைவு. ஆலையில் எனக்கு அது கட்டாது. மாதச் சம்பளக்காரருக்குக் கிழமையில் அரை நாள் வரை கழிப்பதில்லை. கடை, அலுவலக ஊழியருக்கு 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கிடைக்கும் 14 நாள் வருடாந்த விடுமுறையிலிருந்து வகுப்பு நாட்களைக் கழிப்பதை ஓரிரு இடத்தில் கண்டிருக்கிறேன். அது அவர்களுக்கு எப்படியும் சேர வேண்டிய லீவு. அதை எடுத்து அவர்களுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு 'படிக்க விட்டோம்' என்று சொல்வது அழகில்லை.

வெட்டுக் காலம்தான் பெரிய பிரச்சினை. தை கடைசியிலிருந்து பங்குனி வரை ஆலை இரவிலும் ஓடும், லொறிகள் வீதியில் வரிசையில் நிற்கும். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் இருந்து சிறுபோகமும் நடந்தால் ஆவணிப் பக்கம் இன்னொரு நெருக்கடி. இந்தக் காலத்தில் 'இன்றைக்கு மட்டும் வகுப்பை விடு பிள்ளை' என்று வாய் தானாகச் சொல்லும். அதைச் சொல்லாமல் இருக்க ஒரே வழி, எந்தக் கிழமை யார் இருக்க மாட்டார்கள் என்று மார்கழியிலேயே எழுதி, அந்த நாட்களுக்குப் பதில் ஆளைப் பேசி வைப்பது. பரீட்சை நாட்கள் என் மேசைக்கு மேலே சிவப்புப் பேனாவால் எழுதித் தொங்குகின்றன. கங்காணி வேலை பார்க்கிறவருக்கும் அந்தத் தாள் தெரிய வேண்டும். நீங்கள் 'ஓம்' என்று சொன்னதை அவர் 'இல்லை' என்று மறுத்தால் எல்லாம் வீண்.

பெண் பிள்ளைகள் என்றால் வகுப்பு முடிகிற நேரத்தை முதலில் கேளுங்கள். யாழ்ப்பாணத்தில் ஐந்து மணிக்கு வகுப்பு முடிந்தால் பரந்தனில் இறங்க ஆறரை, ஏழாகும். அங்கிருந்து விசுவமடு, புதுக்குடியிருப்புப் பக்கம் உள்ளே போக வேண்டியவளுக்கு அந்த நேரம் பஸ் கிடைக்குமோ இல்லையோ. இரண்டு கிழமை இருட்டில் வீட்டுக்குப் போனால் மூன்றாம் கிழமை தகப்பனோ புருசனோ மறித்துவிடுவார். அதே பாடம் கிளிநொச்சியில் பத்தாயிரம் கூடவாக இருந்தாலும் நான் கிளிநொச்சிக்கே காசு கட்டுவேன். இணைய வகுப்பு என்றால் ஆலை அலுவலகத்து அறையை ஆறு மணிக்குப் பிறகு திறந்து விடுகிறோம். உள்ளூரில் பல வீடுகளில் சிக்னல் வர வேலியடிக்குப் போக வேண்டும், அதில் எங்கே படிக்கிறது.

எந்தப் படிப்புக்கு

கையில் தொழில் இருக்கிறது, கடதாசி இல்லை. வன்னியில் நான் அதிகம் காண்கிற ஆள் இவர்தான். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் யாரோ ஒரு மேசனிடமோ மெக்கானிக்கிடமோ கூடமாட நின்று பழகியவர். எஞ்சினைக் கழற்றி மாட்டக் கண் தேவையில்லை அவருக்கு, ஆனால் விண்ணப்பப் படிவத்தில் 'தகைமை' என்ற இடத்தில் எழுத ஒன்றுமில்லை. இவரை இரண்டு வருட வகுப்பில் கொண்டுபோய் இருத்துவது காசுக்கும் நேரத்துக்கும் நட்டம். இவருக்கு 'முன்கற்றலை அங்கீகரித்தல்' என்ற வழி இருக்கிறது. செய்த வேலைகளின் படங்கள், பழைய முதலாளிகளின் கடிதங்கள், என்னென்ன இயந்திரம் திருத்தினார் என்ற விபரம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு சான்றுக்கோவை தயாரிக்க வேண்டும். மதிப்பீட்டாளர் அவரோடு கதைத்து, வேலையைச் செய்யச் சொல்லிப் பார்த்து, தகுதி இருந்தால் தேசிய தொழிற்தகைமைச் (என்.வி.கியூ.) சான்றிதழுக்குச் சிபாரிசு செய்வார். தொழிற்பயிற்சி அதிகாரசபை, தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை இரண்டிலும் இதைக் கேட்கலாம். பிரதேச செயலகத்தில் இருக்கிற மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் விசாரித்தால் யாரிடம் போவது என்று காட்டிவிடுவார்.

இதில் முதலாளியின் பங்கு காசோடு நிற்காது. அந்தச் சான்றுக்கோவையைத் தயாரிக்கத்தான் ஆட்கள் திணறுகிறார்கள். எங்கள் கராஜில் வெல்டிங் செய்கிறவருக்குத் தான் செய்த வேலையை எழுதச் சொன்னால் 'எல்லாம் செய்வன் அக்கா' என்று ஒரு வரி எழுதினார். அவரோடு இருந்து, கொழு ஒட்டியது, பெட்டி அடித்தது, அச்சு நிமிர்த்தியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத இரண்டு பின்னேரம் போனது. வேலை நடக்கும்போதே கைபேசியில் படம் எடுத்து, தேதியோடு சேர்த்து வையுங்கள். முதலாளி கடிதத்தை 'நல்ல பிள்ளை, நேர்மையானவர்' என்று எழுதாமல், எந்த வேலையை எத்தனை வருடம் தனியாகச் செய்தார் என்று எழுதுங்கள்.

என்.வி.கியூ. ஏழு மட்டம். முதல் நான்கும் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். எங்களுக்கு வேண்டியது பெரும்பாலும் மூன்றும் நான்கும். கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிற இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் வாகனத் தொழில்நுட்பம், மின், உணவுத் தொழில்நுட்பம் போன்ற துறைகளில் நல்ல பெயர் எடுத்தது. ஆனால் முழுநேரப் பாடநெறி என்றால் வேலையை விட வேண்டி வரும். அப்படிப் போகிற பொடியனுக்கு நாங்கள் காசு கட்டுவதில்லை. திரும்பி வந்தால் இடம் இருக்கும் என்று மட்டும் சொல்வோம். கணக்குப் பக்கம் இருப்பவருக்குக் கணக்கியல் தொழில்நுட்பவியலாளருக்கான ஏ.ஏ.ரி. பரீட்சைகள் பொருந்தும். பட்டம் என்று கேட்டால் திறந்த பல்கலைக்கழகம். யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் நிலையங்கள் இருக்கின்றன, பாடம் பாடமாக எடுத்துப் படிக்கலாம், அதனால் எங்கள் 50,000 எல்லைக்குள் வருடம் வருடமாகக் கொடுக்க முடிகிறது.

சாதாரண தரத்தையும் சேர்த்திருக்கிறோம். 'ஆலைக்கும் ஓ.எல். கணக்குக்கும் என்ன சம்பந்தம்' என்று கேட்டவர்களிடம் ஈரப்பத மானியைக் காட்டுவேன். 14 வீதத்துக்கு மேல் ஈரம் இருக்கிற நெல்லுக்கு எத்தனை கிலோ கழிப்பது என்று விவசாயியின் முன்னால் நின்று கணக்குச் சொல்ல வேண்டும். வீதக் கணக்குத் தெரியாத பிள்ளை தடுமாறினால் அங்கே ஒரு சண்டை நடக்கும். அதோடு, 2008, 2009இல் பத்தாம், பதினோராம் வகுப்பில் இருந்தவர்கள் இப்போது முப்பதைத் தாண்டிவிட்டார்கள். பள்ளிக்கூடம் மரத்தடிக்கும் பங்கருக்கும் மாறி மாறிப் போன காலத்தில் அவர்கள் விட்டது இது. தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுத வயது தடையில்லை. வயது போன பிறகு சின்னப் பிள்ளைகளோடு ரியூசனில் இருக்க வெட்கம், அதனால் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு நாங்களே காசு கொடுத்து ஞாயிறு காலையில் நெல் களஞ்சியத்துக்கு அருகில் வகுப்பு வைக்கிறோம்.

பதியாத இடங்களுக்குக் காசு கட்டாதீர்கள். தொழிற்கல்வி நிறுவனம் என்றால் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனமும் பதிந்திருக்க வேண்டும், அந்தப் பாடநெறியும் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். பட்டம் என்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்ளும் பட்டமா என்று பாருங்கள். ஏ9 வீதி நெடுக விளக்குக் கம்பத்தில் 'மூன்று மாதத்தில் சர்வதேச டிப்ளோமா' என்று ஒட்டியிருக்கிறார்கள். பதிவு இலக்கத்தைக் கேட்டவுடன் 'சேர் வெளியில் போய்விட்டார்' என்று பதில் வந்தால், நீங்களும் வெளியில் வந்துவிடுங்கள்.

இன்னொன்று. திட்டத்தைச் சொன்னவுடன் தாய்மார் கேட்பது தங்கள் படிப்பைப் பற்றி இருக்காது. 'அக்கா, மகளின்ர ரியூசன் காசுக்குத் தருவீங்களோ?' என்றுதான் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் இரண்டையும் ஒரே பணத்தில் வைத்தால் ஒரு தாயும் தனக்கென்று எடுக்க மாட்டாள், எல்லாம் பிள்ளைக்குப் போய்விடும். அதனால் பிள்ளைகளுக்கு வருடத் தொடக்கத்தில் கொப்பி, சப்பாத்துக்கு ஒரு சின்னத் தொகை தனியாக. இந்தப் பணம் வேலை செய்கிறவருக்கு மட்டும்.

யாருக்கு முதலில்

ஆறு மாதம் வேலை செய்தவர் எவரும் கேட்கலாம், வெட்டுக் காலத்துக்கு மட்டும் வருகிறவர்கள் தொடர்ந்து இரண்டு போகம் வந்திருந்தால் அவர்களும். எங்கள் மாதிரி இடங்களில் பாதிப் பேர் சொந்தக்காரர். பெரியம்மாவின் பேரனுக்குக் கொடுத்துவிட்டு அடுத்த விண்ணப்பத்துக்குப் 'பணம் முடிந்தது' என்று சொன்னால் அந்தக் கதை மாலைக்குள் முரசுமோட்டை வரை போய்விடும். ஆலையில் ஒருவர், கராஜில் ஒருவர், நான் என்று மூன்று பேர் இருந்து முடிவெடுக்கிறோம். விண்ணப்பித்தவர் யாருக்காவது சொந்தம் என்றால் அந்த ஆள் அன்று எழும்பிப் போக வேண்டும். நானும்தான்.

தாளில் என்ன எழுதுவது

ஒரு பக்கம் போதும், தமிழில். ஆங்கில ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கச் சொன்னால் அவர்கள் காணி எழுதிக் கொடுக்கிற பயத்தோடு பார்ப்பார்கள். பாடநெறி, நிறுவனம், பதிவு இலக்கம், நாங்கள் கட்டும் தொகை, எந்தத் தவணையில், வகுப்பு நாட்கள், வேலை நேரத்தில் எவ்வளவு விடுவோம். பிறகு கடினமான இரண்டு விசயம்: தேறாவிட்டால் என்ன, விலகினால் என்ன.

தேறாவிட்டால் காசைத் திருப்பிக் கேட்பதில்லை. இரண்டாம் முறை பரீட்சைக் கட்டணத்தை ஒரு தடவை கட்டுவோம். வகுப்புக்கே போகாமல் விட்டால் அடுத்த தவணை நிற்கும், அதோடு சரி.

விலகுவது பற்றித்தான் முதலாளிமார் என்னிடம் அதிகம் கேட்பார்கள். 'படிப்பிச்சுவிட்டால் கட்டாருக்குப் போயிடுவான்' என்பார்கள். போவான்தான். படிப்பிக்காவிட்டாலும் போவான். எங்கள் தாளில், படிப்பு முடிந்து ஆறு மாதத்துக்குள் தானாக விலகினால் கட்டிய கட்டணத்தில் பாதியைத் திருப்பித் தர வேண்டும், ஒரு வருடத்துக்குள் என்றால் கால்வாசி, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. பஸ் காசும் நாட்கூலியும் எப்போதும் திருப்பிக் கேட்கப்படாது. நோய், பிள்ளைப்பேறு, நாங்களே வேலையை நிறுத்துவது இவற்றுக்கும் ஒன்றும் இல்லை. மூன்று வருடம், ஐந்து வருடம் என்று கட்டிப்போடுகிற தாள்களைக் கண்டிருக்கிறேன்; அப்படிப்பட்ட தாளில் கையெழுத்து வைக்கிறவர் வேறு வழியில்லாதவர் மட்டுமே. பிணையாளி கேட்க வேண்டாம். மூலச் சான்றிதழை வாங்கி அலுமாரியில் பூட்டி வைப்பதைச் செய்யவே செய்யாதீர்கள்.

விலகும்போது காசைக் கடைசிச் சம்பளத்தில் கழிக்கலாம் என்று நினைத்தால் கவனம். சம்பளத்தில் கழிப்பதற்குச் சட்டத்தில் எல்லை இருக்கிறது, எழுத்தில் சம்மதமும் வேண்டும். ஊழியர் சேமலாப நிதியில், அவர்களுடைய 8 வீதமானாலும் நாங்கள் போடும் 12 வீதமானாலும், கை வைக்க முடியாது. தாளை அச்சடிக்க முன் தொழில் அலுவலகத்தில் ஒருமுறை காட்டிக் கேளுங்கள்.

படித்து முடித்தவருக்குச் சம்பளம் எவ்வளவு கூடும் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். அதை எழுதாமல் விட்டு, சான்றிதழோடு வந்தவரை அதே சம்பளத்தில் வைத்திருந்தால் பக்கத்துக் கராஜ் உங்களுக்கு நன்றி சொல்லும்.

கணக்குப் பக்கம் சுருக்கமாக. இந்தப் பணத்தைச் சம்பளச் சிட்டையில் மாதப் படியாகப் போடாதீர்கள். போட்டால் அது சம்பளத்தின் பகுதி போல ஆகி, சேமலாப நிதிக் கேள்வியும் வரும், நிறுத்தவும் முடியாது. தனி வவுச்சர், தனிக் கோப்பு, பற்றுச்சீட்டு நிறுவனத்தின் பெயரில். 2025 சித்திரையிலிருந்து மாதம் 150,000 ரூபா வரையான சம்பளத்துக்கு வருமான வரி இல்லை என்பதால் எங்கள் ஆட்களுக்கு வரிப் பிரச்சினை எழவில்லை. ஆலையின் செலவாகக் காட்டுவதற்குக் கணக்காளரிடம் கோப்பைக் கொடுத்தால் அவர் பார்த்துக்கொள்வார்.

விண்ணப்பம் சித்திரைப் புத்தாண்டு கழிந்து இரண்டு கிழமை திறந்திருக்கும். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் கிழமை இங்கே ஒரு அலுவலும் நடக்காது, அதனால் அதற்கு முன்பே மூன்று பேரும் இருந்து முடிவெடுத்துவிடுவோம். கிடைக்காதவரை முதலில் தனியாகக் கூப்பிட்டுக் காரணத்தைச் சொல்வோம். அடுத்த நாள் தராசுக்குப் பக்கத்துச் சுவரில் தாள் ஒட்டுப்படும்: யாருக்கு, எந்தப் படிப்புக்கு, எவ்வளவு.